பழைய பனிவண்டியின் டிராக்குக்குள் ஓடும் டயர்கள்: தேர்வு முதல் கோடைக்காலக் காப்பு வரை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லோகன் நகரில் தயாரான தியோகால் இம்ப், தியோகால் ஸ்பிரைட் போன்ற பழைய பனிவண்டிகளை வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள், எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட டயருக்குக் கொடுப்பதில்லை. டயர்தானே, அதே அளவில் ஒன்றை வாங்கி மாட்டினால் போயிற்று என்று தொடங்குவார்கள்; இரண்டாவது நாள், சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையான டிராக் கழன்று பனியில் கிடக்கும்.

இந்த வண்டியில் டயர் பனியைத் தொடுவதே இல்லை. ரப்பர் பெல்ட்டுகளையும் அவற்றின் குறுக்கே முடுக்கப்பட்ட இரும்புக் கம்பிகளையும் கொண்ட டிராக்கின் உட்புறத்தில்தான் அது உருள்கிறது. இழுவையைப் பல்சக்கரம் தருகிறது, பிடிமானத்தைக் குறுக்குக் கம்பிகள் தருகின்றன. டயருக்கு இருப்பவை மூன்றே வேலைகள்: எடையைத் தாங்குவது, டிராக்கின் கைடுகளுக்கு (டயர் பக்கவாட்டில் விலகாமல் தடுக்க உட்புறத்தில் நிற்கும் தடுப்புகள்) நடுவே விலகாமல் ஓடுவது, கடைசிச் சக்கரமாக இருந்தால் டிராக்கை இழுத்துப் பிடிப்பது. கார் டயரை வைத்து நாம் பழகிய கணக்குகளில் பெரும்பாலானவை இங்கே செல்லாது.

1. உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

எல்லாப் பழைய பனிவண்டியிலும் காற்றடைத்த டயர் இருக்காது. ஆரிகன் மாநிலத்தின் டக்கர் நிறுவனம் செய்த ஸ்னோகேட் என்ற பழைய பனிவண்டிகளில், பொன்டூன் எனப்படும் மிதவை வடிவ நீண்ட இரும்புச் சட்டத்தைச் சுற்றி உருளைகளுடன் கூடிய டிராக் ஓடும். அந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவாது.

காற்று டயர் இருந்தால், எல்லாச் சக்கரங்களிலும் ஒரே அளவா, ஒரே உற்பத்தியாளரா, டியூப் உள்ளதா இல்லையா என்பதை ஒவ்வொரு சக்கரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் நான்கைந்து கை மாறிய வண்டியில் மூன்று வகை டயர்கள் கலந்திருப்பது சாதாரணம். இப்போது மாட்டியிருப்பதுதான் தொழிற்சாலை அளவு என்று நம்பிவிடாதீர்கள். பழுதுபார்ப்புக் கையேடோ உதிரிபாகப் பட்டியலோ கிடைத்தால் அதில் உள்ள எண்ணே சரி. கிடைக்காவிட்டால் பகுதி 3 காட்டும் அளவுகள்தான் துணை.

பக்கச்சுவரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக் குறியீடு இருந்தால் அதன் கடைசி நான்கு எண்கள் டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கடைசியில் மூன்று எண்கள் மட்டுமே இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். பட்டன் (டயரின் வெளிப்பரப்பில் உள்ள வரிகளும் கட்டைகளும்) எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அதை நம்பி மலையேறக் கூடாது.

2. கைவசம் இருக்க வேண்டியவை

ஜாக்கி, வண்டியின் எடையைத் தாங்கும் நான்கு ஸ்டாண்டுகள், தடிமனான பலகைகள், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைகள், முறுக்களவு காட்டும் ஸ்பேனர், வால்வு ஊசி கழற்றும் சாவி, நம்பகமான காற்றழுத்த மானி, வெர்னியர் அளவுகோல், டேப். வெள்ளை பெயிண்ட் பேனா ஒன்றும் அவசியம்.

மானி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். எல்லா டயருக்கும் ஒரே மானியால் பார்த்தால், அது ஓரிரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்த அளவு) தவறாகக் காட்டினாலும் தவறு எல்லாவற்றிலும் சமமாக இருக்கும். இரண்டு மானிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் அந்தச் சமன் போய்விடும்.

வேலை செய்யும் இடம் சூடாக இருக்க வேண்டும். குளிரில் ரப்பர் விறைத்துவிடும், சோப்பு நீர் உறையும், விரல் மரத்துவிடும். திறந்தவெளியைத் தவிர வழியில்லை என்றால் புதிய டயர்களையாவது முந்தைய இரவே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.

3. அளவெடுத்தல்

கடைக்குப் போவதற்கு முன் நான்கு அளவுகள் தேவை.

முதலாவது, டிராக்கின் உட்புறத்தில் எதிரெதிராக நிற்கும் இரண்டு கைடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி. ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாமல், டிராக்கின் நீளம் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் அளந்து, மிகக் குறுகியதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய டிராக்கில் சில குறுக்குக் கம்பிகள் வளைந்து கைடுகள் உள்ளே சாய்ந்திருக்கும். டயர் உரசப்போவது அங்கேதான்.

இரண்டாவது, ரிம்மின் அகலம். இதை யாரும் அளப்பதில்லை. ஒரே டயரை அரை அங்குலம் கூடுதல் அகலமுள்ள ரிம்மில் மாட்டினால் டயரின் அகலம் சுமார் 0.2 அங்குலம், அதாவது 5 மில்லிமீட்டர், பெருகும். கைடுக்கும் டயருக்கும் இடையே இருக்கும் சந்து அவ்வளவுதான் என்றால் அந்த 5 மில்லிமீட்டரிலேயே உரசல் தொடங்கிவிடும்.

மூன்றாவது, சுமையுள்ள நிலையில் ஹப்பின் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) மையத்திலிருந்து டிராக் பெல்ட்டின் உட்பரப்பு வரையிலான உயரம். வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஒவ்வொரு சக்கரத்திலும் இதை எடுங்கள். டயர் சுமையில் எவ்வளவு நசுங்கி நிற்கிறது என்பதை இந்த உயரம்தான் காட்டும். சுமையில்லாமல் எடுக்கும் விட்டம் காட்டாது.

நான்காவது, டிராக் இறுக்கும் திருகில் இன்னும் எவ்வளவு நகரும் இடம் மிச்சம் இருக்கிறது என்பது. பெல்ட் நீண்டுபோய்த் திருகு கடைசி வரை வந்துவிட்ட வண்டியில் சற்றுக் குறைந்த விட்டமுள்ள டயரை மாட்டினால் டிராக்கை இறுக்கவே முடியாது.

4. டயரைத் தேர்ந்தெடுத்தல்

இந்த வண்டிகளின் சிறு சக்கரங்களுக்குப் பெரும்பாலும் சிறிய டிரெய்லர் டயர்களே பொருந்துகின்றன: 4.80-8, 5.70-8, 4.80-12, 5.30-12 போன்றவை. முதல் எண் டயரின் தோராயமான அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். உங்கள் வண்டிக்கு எது என்பதை நீங்கள் எடுத்த அளவுகளே சொல்லும்.

புதியவர்கள் முதலில் சறுக்கும் இடம் 4.80-8. இதே டயர் 4.80/4.00-8 என்றும் எழுதப்படும். அதே எண்ணைத் தாங்கிய இன்னொரு பொருளும் கடையில் இருக்கும்: மண் அள்ளும் தள்ளுவண்டியின் டயர். அது இரண்டு பிளை (டயருக்குள் இருக்கும் இழை அடுக்குகளைக் கொண்டு வலுவைச் சொல்லும் அளவு), சுமார் 30 பிஎஸ்ஐ காற்றுக்கு மேல் தாங்காது, விலை பாதி. எண் ஒன்றுதானே என்று அதை வாங்கி மாட்டியவரின் வண்டியில் டயர்கள் பலூன்போல் பக்கவாட்டில் பிதுங்கிக் கைடுகளைக் கடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். எண்ணோடு பிளையையும் சுமை வகையையும் சேர்த்துப் படித்தால்தான் டயரைப் படித்ததாகும்.

டிரெய்லர் டயரில் பி என்ற சுமை வகை நான்கு பிளைக்கும், சி என்பது ஆறு பிளைக்கும் நிகர். 4.80-8 அளவில் பி வகை பொதுவாக 60 பிஎஸ்ஐயில் 590 பவுண்டு, அதாவது 268 கிலோ தாங்கும். சி வகை 90 பிஎஸ்ஐயில் சுமார் 745 பவுண்டு, 338 கிலோ தாங்கும்.

எது போதும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்கள், எரிபொருள் எல்லாம் சேர்த்து 2000 கிலோ எடையும், பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துச் சக்கரங்களும் உள்ள வண்டியில் ஒரு சக்கரத்துக்கு 200 கிலோ விழும். நான்கு பிளையே போதும்போலத் தோன்றும். ஆனால் பனிக்கு அடியில் கிடக்கும் மரத்தையோ இறுகிய பனிமேட்டையோ ஏறிக் கடக்கும்போது பக்கத்துக்கு மூன்று சக்கரங்களே எடையைச் சுமக்கும். அப்போது ஒன்றுக்கு 333 கிலோ. நடுவில் இரண்டு மட்டும் தாங்கும் கணத்தில் 500. பனிவண்டி மெதுவாகவே ஓடுவதால் நெடுஞ்சாலையில் ஓடும் டிரெய்லர் டயரைப்போலச் சூடேறி வெடிக்கும் அபாயம் குறைவு, அந்தச் சலுகை உண்டு. இருந்தாலும் அடி வாங்கும் பக்கச்சுவருக்கு வலு வேண்டும். ஆகையால் ஆறு பிளை கிடைக்கும் அளவில் நான்கு பிளையை நான் வாங்குவதில்லை.

ரேடியலா (உள் இழைகள் நேர்குறுக்காக ஓடுவது), பயஸ் பிளையா (இழைகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டி ஓடுவது) என்ற கேள்விக்கு இங்கே பயஸ் பிளை என்பதே பதில். ரேடியல் டயரின் பக்கச்சுவர் மென்மையானது, சுமையில் அகன்று பிதுங்கும். சாலையில் அது சுகம், கைடுகளுக்கு நடுவே அது உரசல். பயஸ் பிளையின் விறைப்பான சுவர் நேராக நிற்கும்.

பட்டன் வடிவத்தில் நீளவாக்கில் வரி ஓடும் சாதாரண டிரெய்லர் டயரே நல்லது. ஆழமான கட்டைப் பட்டன் உள்ள டயரைப் பனிக்கு ஏற்றது என்று சொல்லி விற்பார்கள். அந்தப் பள்ளங்களில் பனி புகுந்து இறுகி, பெல்ட்டின் மேல் டயர் மேடுபள்ளமாக உருளும்; விளிம்புக் கட்டைகள் கைடில் மாட்டிப் பிய்யும். டயரின் தோள்பட்டை உருண்டையாக இருப்பது, கைடு சற்றே சாய்ந்திருந்தாலும் டயர் அதன்மேல் ஏறாமல் வழுக்கி உள்ளே வர உதவும்.

கடைசியாக ஒன்று: முழுத் தொகுதியாக வாங்குங்கள். பத்துச் சக்கரமென்றால் பத்து டயர், முடிந்தால் பதினொன்று. இடப்பக்கத்தில் கிழிந்திருந்த இரண்டை மட்டும் நான் ஒருமுறை மாற்றினேன். புதியவை இரண்டும் பழையவற்றைவிட ஒரு விரல் தடிமன் உயரமாக நின்றன. தேய்ந்தால் சரியாகிவிடும் என்று ஓட்டினேன். திரும்பி வரும்போது எங்கள் தடத்தின் இடப்பக்கக் கோட்டில், வெள்ளைப் பனியின்மேல், மிளகுத்தூள் தூவியதைப்போலக் கருப்பாக ரப்பர் பொடி கிடந்தது. உயரமான இரண்டு டயர்களும் அந்தப் பக்கத்தின் எடையைத் தாமே சுமந்து, நசுங்கிப் பிதுங்கி, கைடில் தேய்ந்துகொண்டே வந்திருக்கின்றன. பணம் முழுத் தொகுதிக்கு எட்டவில்லை என்றால், ஒரு பக்கம் முழுவதையும் புதிதாக மாற்றி, இருப்பவற்றில் உயரம் ஒத்தவற்றை மறுபக்கம் சேருங்கள். ஒரே பக்கத்தில் உயர வேறுபாடு 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் எல்லை.

5. டியூபா, டியூப்லெஸ்ஸா, திட நிரப்பா

பழைய ரிம்களின் விளிம்பு துருவால் அரித்திருக்கும் என்பதால் டியூப்லெஸ் டயரைக்கூட டியூபுடன் மாட்டுவதே நிம்மதி. டியூப், டயரின் அதே அளவுக்கு உரியதாகவும், வால்வு வண்டியின் வெளிப்பக்கத்திலிருந்து எட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சிறு ரிம்முக்கு வளைந்த உலோக வால்வு உள்ள டியூப் கிடைக்கும். நேரான வால்வு ஹப்பில் இடித்தால் காற்றடிக்கும் குழாயையே சொருக முடியாது. இதை மாட்டிய பிறகு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும்.

பஞ்சர் ஒட்டும் திரவம் ஊற்றுவதானால் உறையாத வகையா என்று பாருங்கள். நீர் கலந்த திரவம் உறைந்து டயரின் ஒரே பக்கத்தில் கட்டியாக உட்கார்ந்துவிடும்.

பாலியூரிதேன் ஊற்றி டயரைத் திடமாக்கும் முறையும் உண்டு. பஞ்சரே ஆகாது என்பது உண்மை. ஆனால் சக்கரம் கனத்துவிடும், அதிர்ச்சியெல்லாம் அச்சுக்கும் பேரிங்குக்கும் நேரே போகும், அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து உயரத்தைச் சமன்செய்யும் வசதி போய்விடும், கழற்றுவதென்றால் டயரை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். புதர்க்காட்டில் தினமும் வேலை செய்யும் வண்டிக்கு அது சரியாக இருக்கலாம். வார இறுதியில் ஓட்டும் பழைய வண்டிக்கு வேண்டாம்.

6. கழற்றுதல்

வரிசை இங்கே உயிர் சம்பந்தப்பட்டது.

வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி, எதிர்ப்பக்க டிராக்குக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டிராக் இறுக்கும் திருகைத் தளர்த்துங்கள். பிறகுதான் ஜாக்கி. இறுக்கத்தோடு வண்டியைத் தூக்கினால் டிராக் சக்கரங்களை விடாது. நட்டு கழன்ற நொடியில் சக்கரம் துள்ளும்.

ஜாக்கியின் கீழே அகலமான பலகை போடுங்கள். சட்டகத்தைத் தூக்கி ஸ்டாண்டில் அமர்த்திய பிறகே கையை உள்ளே விடலாம். டிராக் கனமானது, தளர்ந்து தொங்கும்போது டயருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே விரல் இருந்தால் நசுங்கும்.

அடுத்து, வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதுமாக இறக்குங்கள். இதற்கு இரண்டு காரணங்கள். காற்று இறங்கிய டயர் ஒடுங்கிக் கைடுகளுக்கு நடுவிலிருந்து எளிதாக வெளியே வரும். மற்றது மிக முக்கியமானது: சிறு சக்கரங்களில் சில, இரண்டு பாதிகளைப் போல்ட்டால் சேர்த்த ரிம்கள். அவற்றில் இரண்டு வட்டமாக நட்டுகள் இருக்கும். ஒரு வட்டம் சக்கரத்தை ஹப்போடு பிணைப்பது, மற்றது ரிம்மின் இரு பாதிகளைப் பிணைப்பது. காற்று இருக்கும்போது இரண்டாவது வட்டத்தைத் தளர்த்தினால் பாதி ரிம் துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே ஹப் நட்டுகளின்மேல் வெள்ளைப் புள்ளி வைத்துவிடுங்கள். புள்ளி இல்லாத நட்டை, சக்கரம் மேசைக்கு வந்து காற்று இல்லை என்று உறுதியாகும் வரை யாரும் தொடக் கூடாது.

சக்கரம் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை ரிம்மில் எழுதிவையுங்கள். உரசல் அடையாளங்களைப் பிறகு படிப்பதற்கு அது வேண்டும்.

7. ரிம்மும் பேரிங்கும்

டயர் வெளியே இருக்கும்போது ஒவ்வொரு ஹப்பையும் கையால் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தாலோ ஆட்டம் இருந்தாலோ பேரிங்கை இப்போதே மாற்றுங்கள். ஆடும் ஹப்பில் மாட்டிய புதிய டயர் சாய்ந்து ஓடிக் கைடில் தேயும், பழி டயர்மேல் விழும். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுக் கடுங்குளிருக்கு உரிய கிரீஸ் வைத்து, கிரீஸ் வெளியேறாமல் தடுக்கும் சீல் வளையத்தையும் புதிதாக்குங்கள்.

ரிம்மின் உட்புறத் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பெயிண்ட் அடித்து, நன்கு காயவிடுங்கள். டியூப் உட்காரும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். விரலுக்கு உறுத்துவது டியூபைக் கிழிக்கும். வெடிப்பு விட்ட ரிம்மைப் பற்றவைத்துப் பயன்படுத்த வேண்டாம்.

8. மாட்டுதல்

டயருக்குள் டால்கம் பவுடர் தூவி, டியூபில் அது உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்று விட்டுச் சொருகுங்கள். காற்றில்லாத டியூப் மடிந்து ரிம்முக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், அந்த மடிப்பு ஒரே வாரத்தில் பஞ்சராகும். விளிம்பில் சோப்பு நீர் தடவி, டயர் சீராக உட்காரும் வரை படிப்படியாகக் காற்றடியுங்கள். 40 பிஎஸ்ஐ ஆகியும் விளிம்பு உட்காரவில்லை என்றால் இன்னும் அடிக்காமல், இறக்கிவிட்டுத் திரும்பத் தடவித் தொடங்குங்கள்.

உட்கார்ந்ததும் காற்றை மீண்டும் இறக்கிவிடுங்கள். வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் சிக்கியிருக்கும் டியூப் விரிந்து நேராவதற்கும், சக்கரம் கைடுகளுக்கு நடுவே நுழைவதற்கும் அது தேவை.

சக்கரத்தை இடத்தில் வைத்து, நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, கையேட்டின் முறுக்களவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரம் ஓட்டியதும் மறுபடி முடுக்க வேண்டும், ஏனெனில் புதுப் பெயிண்ட் நசுங்கி நட்டு தளரும்.

9. காற்றழுத்தம்

கையேட்டில் அழுத்தம் தரப்பட்டிருந்தால் அதுவே அளவு. இல்லாவிட்டால் டயரில் அச்சிட்ட உச்சத்துக்குள், சுமையில் பக்கச்சுவர் கைடைத் தொடாத அளவைத் தேர்ந்து, அதை எல்லா டயருக்கும் வையுங்கள்.

எந்த வெப்பநிலையில் வைக்கிறோம் என்பதுதான் பலரும் மறப்பது. 20 டிகிரி செல்சியஸ் உள்ள பட்டறையில் 60 பிஎஸ்ஐ வைத்த டயரை மைனஸ் 20 டிகிரிக்குக் கொண்டுபோனால், எங்கும் ஒழுகாமலே, மானி சுமார் 50 காட்டும். பஞ்சர் என்று நினைத்துக் கழற்றியவர்கள் உண்டு. நேர்மாறாக, 3000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி நான்கரை பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். ஆகவே வண்டி ஓடப்போகும் இடத்தில், ஓர் இரவு முழுக்க வெளியே நின்ற பிறகு, காலையில் கிளப்புவதற்கு முன் அழுத்தத்தைச் சரிசெய்யுங்கள்.

கம்ப்ரசர் தொட்டியில் தேங்கிய நீரை முதலில் வடியுங்கள். ஈரக் காற்று டயருக்குள் போனால் வால்வு ஊசியில் பனி கட்டி, ஊசி முழுதாக மூடாமல் காற்று கசியும். ரப்பர் வளையம் உள்ள உலோக மூடியை ஒவ்வொரு வால்விலும் போடுங்கள்.

10. டிராக் இறுக்கம், எல்லாம் முடிந்த பிறகு

அழுத்தம் சரியான பிறகே டிராக்கை இறுக்க வேண்டும். இந்த இரண்டின் வரிசையை மாற்றுவதுதான் நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு. பல வண்டிகளில் கடைசிச் சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளித்தான் டிராக் இறுகுகிறது. அந்த டயரில் காற்று குறைவாக இருக்கும்போது இறுக்கிவிட்டுப் பிறகு காற்றடித்தால், டயர் பெருத்து டிராக்கை அளவுக்கு மீறி இழுக்கும். பெல்ட்டும் பல்சக்கரமும் பேரிங்கும் தேயும். அதே காரணத்தால், ஓடும்போது கடைசி டயர் பஞ்சரானால் டிராக் உடனே தளர்ந்து கழலும். உபரி டயர் ஒன்றுதான் கைவசம் என்றால் அது கடைசிச் சக்கரத்துக்குப் பொருந்துவதாக இருக்கட்டும்.

இறுக்கிய பின் சில நூறு மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டி, இரு பக்கமும் திரும்பி, மறுபடி இறுக்கத்தைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரையும் கைவிளக்கு வைத்து நோக்குங்கள். எல்லா டயரிலும் ஒரே பக்கம் பளபளப்பு இருந்தால் டிராக் அச்சுக்கு நேராக இல்லை, இரு பக்கத் திருகுகளின் அளவும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே டயரில் மட்டும் இருந்தால் அந்த ஹப்போ அச்சோ வளைந்திருக்கிறது. எல்லா டயரிலும் ஒரே உயரத்தில் இடைவிட்டுக் கீறல் இருந்தால் வளைந்த கைடு ஒன்று சுற்றுக்கு ஒருமுறை வந்து கீறிக்கொண்டிருக்கிறது.

11. ஓடும் பருவத்திலும் கோடையிலும்

ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் எல்லா டயரின் அழுத்தத்தையும் மானியால் பாருங்கள். டிராக்குக்குள் இருக்கும் டயர் பாதிக் காற்று இறங்கியும் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்து டயர்கள் எடையை வாங்கிக்கொள்ளும். ஓட்டம் முடிந்ததும் சக்கரங்களுக்கு நடுவே அடைந்த பனியை மரக்குச்சியால் தட்டி எடுங்கள்; விட்டுவிட்டால் இரவில் இறுகி, காலையில் உருளாத சக்கரத்தின்மேல் டிராக் இழுபட்டு ஒரே இடத்தில் டயரைத் தேய்த்துவிடும்.

கோடையில் வண்டி ஏழெட்டு மாதம் அசையாமல் நிற்கும். டிராக்கைத் தளர்த்தி, சட்டகத்தை ஸ்டாண்டில் ஏற்றி, டயர்கள்மேல் எடை விழாமல் வையுங்கள். இல்லாவிட்டால் அடிப்பகுதி தட்டையாகிவிடும். வெயில் படாமல் மூடுங்கள். வெல்டிங் இயந்திரமும் மின்மோட்டாரும் ஓடும் கொட்டகையில் நிறுத்த வேண்டாம், அவை உண்டாக்கும் ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும். பளபளப்புக்காகப் பெட்ரோலிய எண்ணெய் கலந்த பூச்சு எதையும் டயரிலோ பெல்ட்டிலோ தடவாதீர்கள். மாதம் ஒருமுறை அந்தப் பக்கம் போகும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் கால் சுற்று உருட்டிவிட்டால் பேரிங்கின் கிரீஸும் ஒரே இடத்தில் வடிந்து நிற்காது.